மனநிலைச் சீராக்கி மருந்துகளை நிறுத்துவதில் உள்ள ஆபத்துகள்

இருமுனைய மனநிலைக் கோளாறு என்பது, ஒருவருடைய மனநிலையும் உடலாற்றலும் நாட்கணக்கிலோ வாரக்கணக்கிலோ அளவுமீறி உயர்வதும், வேறொரு காலத்தில் ஆழ்ந்த சோர்வில் அமிழ்வதும், இவ்விரண்டுக்கும் இடையே பெரும்பாலும் இயல்பான காலங்கள் அமைவதுமாக, திரும்பத் திரும்ப வரும் தன்மையுடைய நோயாகும். உயர்ந்த நிலையை மருத்துவர்கள் மேனியா என்பர். இந்நூலில் அதற்கு மிகையெழுச்சி என்ற சொல்லே ஆளப்படுகிறது. இந்த ஏற்ற இறக்கங்களைத் தணிப்பதற்கும், தணிந்தபின் அவை மீண்டும் வராமல் தடுப்பதற்கும் நெடுங்காலம் கொடுக்கப்படும் மருந்துகளே மனநிலைச் சீராக்கிகள். லித்தியம், வால்ப்ரோயேட், கார்பமஸெபின், லாமோட்ரிஜின் ஆகியன இவற்றுள் முதன்மையானவை; ஒலான்சபின், குவெட்டியாபின் போன்ற மனப்பிறழ்வு எதிர்ப்பு மருந்துகளும் இன்று இதே பணிக்குப் பரவலாகப் பயன்படுகின்றன. நிறுத்துவதால் நேரும் விளைவுகள் லித்தியத்தில்தான் மிக விரிவாக ஆராயப்பட்டுள்ளன என்பதால் இவ்வியல் பெரிதும் அம்மருந்தைச் சார்ந்தே செல்கிறது; மற்றவை வேறுபடும் இடங்கள் ஆங்காங்கே சுட்டப்படும்.

மருந்தை நிறுத்த வேண்டும் என்ற எண்ணம் நோய் முற்றியிருக்கும்போது எழுவதைக் காட்டிலும் நலமாக இருக்கும்போது எழுவதே மிகுதி. ஈராண்டு, மூவாண்டு எந்தத் தாக்குதலும் இல்லாமல் கழிந்து, வேலையும் குடும்பமும் ஒழுங்குக்கு வந்து, தூக்கமும் பசியும் சீராகிவிட்ட நிலையில், ஒவ்வோர் இரவும் விழுங்கும் மாத்திரைக்கு இனி என்ன தேவை என்ற கேள்வி நோயாளிக்கும் உற்றாருக்கும் இயல்பாகவே வருகிறது. தலைவலி மாத்திரை வேலை செய்வதை உடலே உணர்கிறது. வராமல் தடுக்கும் மருந்தோ தன் பணியை எந்த அடையாளமும் காட்டாமல் செய்வதால், அந்தப் பணியின் பயனே மருந்து தேவையில்லை என்பதற்குச் சான்றுபோலத் தோன்றிவிடுகிறது. இதை நோயாளியின் அறியாமை என்றோ பிடிவாதம் என்றோ ஒதுக்குவது தவறு. நலமடைந்த எவரும் நியாயமாகக் கேட்கக்கூடிய கேள்வி இது. ஆகவே முறையான விடை அதற்குத் தரப்படவேண்டும்.

அந்த விடையின் முதற்பகுதி 1970-ஆம் ஆண்டில் டென்மார்க்கில் கிடைத்தது. பால் கிறிஸ்டியன் பாஸ்ட்ரப், மோகன்ஸ் ஷூ ஆகியோரும் அவர்தம் குழுவினரும், குறைந்தது ஓராண்டாக லித்தியம் எடுத்துச் சீராக இருந்த 84 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு லித்தியத்தையே தொடர்ந்தும், மற்றப் பிரிவினருக்கு மருந்தற்ற போலி மாத்திரையைக் கொடுத்தும், யாருக்கு எது தரப்படுகிறது என்பதை நோயாளியும் மருத்துவரும் அறியாத வகையில் ஐந்து மாதங்கள் கவனித்தனர். போலி மாத்திரை பெற்றவருள் 21 பேருக்கு நோய் திரும்பியது. லித்தியம் பெற்றவருள் ஒருவருக்கும் திரும்பவில்லை. இந்த வேறுபாடு இத்துணைத் தெளிவாக இருக்கும் என்று அதுவரை லித்தியத்தின் தடுப்பாற்றலை ஐயுற்று எழுதியவர்கள் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள்.

இரண்டாம் பகுதி இன்னும் நுட்பமானது. 1991-இல் டிரிஷா சப்பஸ், ராஸ் பால்டெசரினி முதலியோர், அதுவரை வெளிவந்த 14 ஆய்வுகளிலிருந்து லித்தியத்தை நிறுத்திய 257 நோயாளிகளின் விவரங்களை ஒருங்கே திரட்டிப் பார்த்தனர். இவர்கள் சராசரியாக 30 மாதங்கள் மருந்தெடுத்தவர்கள். நிறுத்தியபின் இவர்களுக்கு ஏற்பட்ட புதிய தாக்குதல்களுள் பாதிக்கு மேற்பட்டவை முதல் பத்து வாரங்களுக்குள்ளேயே நிகழ்ந்திருந்தன. நோய் தன் பழைய போக்கிற்குத் திரும்பியது மட்டுமே நிகழ்ந்திருந்தால், தாக்குதல்கள் இப்படி முன்வாரங்களில் குவிந்திருக்கக் காரணமில்லை. மருந்தை நிறுத்தும் செயலே, அதிலும் திடீரென நிறுத்தும் செயலே, நோயைத் தூண்டிவிடும் தனிக்காரணமாகிறது என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தனர். இந்நிலையை மீள்பாய்ச்சல் எனலாம். அடக்கப்பட்டிருந்த நோய் முன்னிருந்த அளவையும் தாண்டி எழுவதை இச்சொல் குறிக்கிறது. இவ்வாறு திரும்புவது பெரும்பாலும் மிகையெழுச்சியாகவே இருக்கிறது.

இதிலிருந்து நடைமுறைக்கு இன்றியமையாத ஒரு கருத்தை 1994-இல் ஆங்கிலேய மனநல மருத்துவரான கை குட்வின் முன்வைத்தார். லித்தியத்தைச் சில மாதங்கள் எடுத்து விட்டுவிடுபவர், அம்மருந்தால் பெற்ற பாதுகாப்பை நிறுத்தியபின் வரும் மிகையெழுச்சியால் இழந்துவிடுவதால், குறைந்தது இரண்டாண்டு தொடரும் உறுதியில்லாதவருக்கு லித்தியத்தால் நிகர நன்மை கிட்டாமற்போகலாம் என்பது அவர் கணிப்பு. மாத்திரையை விட்டுவிட்டு எடுப்பது, ஒன்றுமே எடுக்காமலிருப்பதைவிட மேல் என்று பல குடும்பங்களில் நிலவும் எண்ணம் இதனால் ஆட்டங்காணுகிறது. ஒன்றிரண்டு வேளை மறந்துபோவதால் இந்த நிலை வந்துவிடும் என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை. மறந்த வேளைக்கு ஈடாக அடுத்த வேளையில் இரட்டிப்பு மாத்திரை எடுக்காமலிருந்தாலே போதும். நலமாக இருக்கும் மாதங்களில் விட்டு, தூக்கம் குறையும்போது தொடங்கி, மீண்டும் விடும் பழக்கமே இங்கு எச்சரிக்கப்படுகிறது.

நிறுத்திய முதல் நாட்களின் அமைதி

நெடுங்காலக் குடியை நிறுத்துபவருக்கு நடுக்கமும் வியர்வையும் வருவதுபோல லித்தியத்தை நிறுத்துபவருக்குப் பொதுவாக எந்த உடற்குறியும் வருவதில்லை. மாறாக, கைநடுக்கமும் நாவறட்சியும் அடிக்கடி சிறுநீர் கழிக்கும் தொல்லையும் சில நாட்களில் குறைந்து, எண்ணம் தெளிவானதுபோலும், நெடுநாள் மறைந்திருந்த சுறுசுறுப்பு மீண்டதுபோலும் தோன்றும். இந்தத் தெளிவு பக்கவிளைவு நீங்கியதால் வந்ததா, மிகையெழுச்சியின் முதற்படியா என்பதை அந்நேரத்தில் பிரித்தறிவது நோயாளிக்கு ஏறக்குறைய இயலாத காரியம், மருத்துவருக்குக்கூட எளிதன்று. இங்கு நம்பத்தக்க அளவுகோல் தூக்கமே. வழக்கமாக ஏழு மணி நேரம் உறங்குபவர் நான்கு மணி நேரத்தில் விழித்துக்கொண்டு, பகலில் அசதியின்றி, விடியுமுன்னரே சமையலறைப் பாத்திரங்களை எல்லாம் இறக்கித் துலக்கத் தொடங்குவதும், ஆண்டுக்கணக்கில் தொடர்பற்ற உறவினரை நள்ளிரவில் தொலைபேசியில் அழைப்பதும், ஒரே வாரத்தில் மூன்று புதிய தொழில்களுக்குத் திட்டமிட்டு முன்பணம் கொடுப்பதும் போன்ற மாற்றங்கள் தொடர்ந்து இரண்டு மூன்று நாட்கள் தென்பட்டால், மருத்துவரை அன்றே அணுகவேண்டும். அடுத்த முறை பார்க்கும் தேதி வரை காத்திருத்தல் ஆகாது. மிகையெழுச்சி வளர வளர, தனக்கு நோயுண்டு என்ற உணர்வே நோயாளியிடம் மங்கிவிடுகிறது. அவரே மருத்துவமனைக்கு வர இசையும் காலம் மிகக் குறுகியது.

தற்கொலை ஆபத்து தனியே சொல்லப்பட வேண்டியது. லித்தியம் மனநிலையைச் சீராக்குவதோடு தற்கொலையையும் தற்கொலை முயற்சிகளையும் குறைப்பதாக ஆய்வுகள் பலவும் காட்டியுள்ளன. இத்தாலியின் சார்டினியாத் தீவில் லியோனார்தோ தோன்டோவும் பால்டெசரினியும் நெடுங்காலம் பின்தொடர்ந்த நோயாளிகளிடையே, மருந்தை நிறுத்தியபின் வந்த முதலாண்டில் இத்தகைய செயல்கள் பன்மடங்கு பெருகியதும், படிப்படியாக நிறுத்தியவரிடம் அப்பெருக்கம் குறைந்திருந்ததும் பதிவாயின. எனவே நிறுத்திய பிறகான ஓராண்டில், சோர்வு, நம்பிக்கையின்மை, தான் பிறருக்குச் சுமை என்னும் பேச்சு ஆகியவற்றை எவரும் சாதாரண மனவருத்தமாகக் கடந்துபோகக் கூடாது. சாக வேண்டும் என்ற எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடாது. கேட்பதும், உடனிருப்பதும், மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் உயிர்காக்கும். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும், இலங்கையில் 1926 என்ற தேசிய மனநல நிறுவகத்தின் எண்ணிலும் எந்நேரமும் பேசலாம்.

முதல் நோயாளியின் வரலாறு

மருந்தை நிறுத்தும் சிக்கல் லித்தியத்தின் வரலாற்றிலேயே தொடக்கத்திலிருந்து உடன்வந்துள்ளது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரையடுத்த பண்டூரா மருத்துவமனையில் ஜான் கேட் என்னும் மனநல மருத்துவர் 1948-இல் லித்தியம் கொடுத்த முதல் நோயாளி, ஐந்தாண்டுகளாக இடைவிடாத மிகையெழுச்சியில் இருந்த 51 வயது ஆடவர். சில வாரங்களிலேயே தெளிவடைந்து, அவ்வாண்டு ஜூலையில் வீடு திரும்பிப் பழைய வேலையிலும் சேர்ந்த அவர், நலமாக இருந்த அந்த மாதங்களில் மருந்தில் அசட்டையாகி, பின்னர் முற்றிலும் விட்டுவிட்டார். நோய் முற்றி மீண்டும் அதே மருத்துவமனைக்கே வந்தார். கேட் 1949-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையிலேயே இது பதிவாகியுள்ளது. ஆயினும் அவர் கதை அங்கு முடியவில்லை. 1950-இல் அந்நோயாளி லித்திய நச்சேற்றத்தால் இறந்தார். குருதியில் லித்தியத்தின் அளவைப் பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைக்கும் முறை அன்று வழக்கில் இல்லை. அதே மெல்போர்னில் எட்வர்ட் டிராட்னர் முதலியோர் அடுத்த ஆண்டுகளில்தான் அம்முறையை வளர்த்தெடுத்தனர்.

ஒரே மனிதரின் வாழ்வில் இரு தீங்குகளும் நிகழ்ந்திருப்பதை மருந்தைத் தொடரச் சொல்லும் எவரும் மறக்கலாகாது. நிறுத்துவதன் ஆபத்தை மட்டும் ஓதிவிட்டு, கண்காணிப்பில்லாமல் தொடர்வதன் ஆபத்தைப் பேசாமலிருப்பது நேர்மையான ஆலோசனை ஆகாது. லித்தியம் எடுப்பவருக்குக் குருதியளவு பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை, சிலருக்குச் சற்று மிகுதியாக, இருக்குமாறு பேணப்படுகிறது, 1.5-ஐத் தாண்டினால் நச்சேற்றத்திற்கு வாய்ப்புண்டு. கடைசி மாத்திரை எடுத்த 12 மணி நேரத்திற்குப் பிறகே குருதி எடுக்கவேண்டும். இரவு ஒன்பது மணிக்கு மாத்திரை எடுப்பவர் மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆய்வகத்தில் இருக்கவேண்டும், காலை மாத்திரையும் உண்டெனில் அதைக் குருதி கொடுத்த பின்னரே விழுங்கவேண்டும். இந்த ஒழுங்கு தவறினால் அறிக்கையில் வரும் எண் பொய்யாக உயர்ந்து, தேவையற்ற அச்சத்தாலேயே மருந்து நிறுத்தப்பட நேரலாம். சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் ஆகியவற்றுக்கான பரிசோதனைகள் ஆறு மாதத்திற்கு ஒருமுறையேனும் தேவை.

உடனே நிறுத்த வேண்டிய நேரங்களும் உள்ளன. கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு, கை பெரிதாக உதறுதல், நடை தள்ளாடுதல், பேச்சுக் குழறுதல், மயக்கம் போன்ற தூக்கம் ஆகியன லித்திய நச்சேற்றத்தின் குறிகள். அப்போது அடுத்த மாத்திரையை எடுக்காமல் நேரே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். கோடை வெயிலில் நீரிழப்பு, நீரும் அருந்தாத விரதம், ஐபுபுரோபன், டைக்ளோபெனாக் போன்ற வலி மாத்திரைகள், சிலவகை இரத்த அழுத்த மாத்திரைகள் ஆகியன மாத்திரையின் எண்ணிக்கை மாறாமலே குருதியளவை ஏற்றிவிடும். லாமோட்ரிஜின் எடுப்பவருக்குத் தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ தோன்றினாலும், வால்ப்ரோயேட் எடுப்பவருக்கு மஞ்சட்காமாலைக் குறியோ கடும் வயிற்றுவலியோ வந்தாலும் அன்றே மருத்துவரைப் பார்ப்பது கட்டாயம்.

திருமணமும் கருத்தரிப்பும்

மருந்து திடீரென நிறுத்தப்படும் சூழல்களுள் மிகுந்த கவலைக்குரியது பெண்களைச் சார்ந்தது. வரன் பார்க்கும் காலத்தில் நோய் மறைக்கப்பட்டு, மாத்திரை அட்டை புகுந்த வீட்டாரின் கண்ணில் படக்கூடாது என்பதற்காகத் திருமண வாரத்திலேயே மருந்து விடப்படுவதும், நாள் தள்ளிப்போனதும் குழந்தைக்குக் கெடுதல் என்று யாரோ சொல்லக் கேட்டு அன்றிரவே எல்லாவற்றையும் நிறுத்திவிடுவதும் தமிழ்க் குடும்பங்களில் நிகழ்கின்றன. தூக்கமின்மையும் மனவழுத்தமும் உச்சத்தில் இருக்கும் நாட்களிலேயே பாதுகாப்பும் விலக்கப்படுகிறது.

கருவுற்றிருக்கும் நிலையே மனநோயிலிருந்து பெண்ணைக் காக்கும் என்ற பழைய நம்பிக்கையை அடெல் விகேரா முதலியோர் நடத்திய ஆய்வுகள் தகர்த்தன. 2000-இல் வெளியான ஆய்வில், லித்தியத்தை நிறுத்திய கர்ப்பிணிகளுக்கும் நிறுத்திய மற்றப் பெண்களுக்கும் 40 வாரங்களில் நோய் திரும்பிய விகிதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆனால் பேறுகாலத்திற்குப் பின்வந்த மாதங்களில், அதுவரை சீராக இருந்த தாய்மார்களிடம் அது 70 விழுக்காடாகவும், ஒப்பிடத்தக்க மற்றப் பெண்களிடம் 24 விழுக்காடாகவும் பிரிந்தது. 2007-இல் வெளியான மற்றோர் ஆய்வில் 89 கர்ப்பிணிகள் பின்தொடரப்பட்டனர். மனநிலைச் சீராக்கியை நிறுத்தியவருள் ஏறத்தாழ 85 விழுக்காட்டினருக்கும், தொடர்ந்தவருள் 37 விழுக்காட்டினருக்கும் கர்ப்ப காலத்திலேயே நோய் திரும்பியது. நிறுத்தியவர்கள் தங்கள் கர்ப்ப காலத்தில் 40 விழுக்காட்டிற்கு மேலான பகுதியை நோயிலேயே கழித்தனர் என்பதை, மருந்தின் தீங்கை மட்டுமே நிறுத்துப் பார்ப்பவர்கள் கருதிப் பார்க்கவேண்டும். நோயுற்ற தாயின் உணவின்மை, உறக்கமின்மை, தற்கொலை ஆபத்து ஆகியவையும் கருவையே சென்று சேர்கின்றன.

எனினும் எல்லா மருந்தும் ஒன்றன்று. வால்ப்ரோயேட் எடுக்கும் தாய்க்குப் பிறக்கும் குழந்தைகளுள் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்குப் பெரிய பிறவிக்குறைபாடும், பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு அறிவு, பேச்சு, நடத்தை ஆகியவற்றின் வளர்ச்சியில் குறையும் நேரக்கூடும் என்பதால், கருத்தரிக்கக்கூடிய வயதுள்ள பெண்களுக்கு அம்மருந்தைத் தவிர்ப்பதே உலகெங்கும் இன்றைய நெறி. லித்தியத்தால் குழந்தையின் இதயத்தில் குறைபாடு நேரும் வாய்ப்பு முதல் மூன்று மாதங்களில் சிறிதளவு உயர்கிறது. மருந்தின் அளவு கூடக்கூட அவ்வாய்ப்பும் கூடுகிறது. ஆகவே கருத்தரிப்பதற்குச் சில மாதங்கள் முன்பே மருத்துவரோடு பேசி, எந்த மருந்தை மாற்றுவது, எதைக் குறைப்பது, பேறு முடிந்தவுடன் எதைத் தொடங்குவது என்பதை எழுதி வைத்துக்கொள்வதே தக்க வழி. வால்ப்ரோயேட் எடுத்துவரும் பெண் எதிர்பாராமல் கருவுற்றால், தானே நிறுத்தாமல், அன்றே மருத்துவரை அணுகவேண்டும்.

நிறுத்தாமலே தீர்க்கக்கூடியவை

மருந்தை வெறுக்கும் காரணங்களுள் பெரும்பகுதி நிறுத்தாமலே தீர்க்கக்கூடியவை. கைநடுக்கத்திற்கு அளவைக் குறைப்பதும் வேறு மருந்து சேர்ப்பதும் உண்டு. தைராய்டு குறைந்தால் அதற்கான மாத்திரை உண்டு. எடை கூடினால் மருந்தையே மாற்றிப் பார்க்கலாம். அமெரிக்க உளவியலாளரான கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன், இந்நோயை ஆராய்பவராகவும் இந்நோயை உடையவராகவும் 1995-இல் எழுதிய தன்வரலாற்றில், லித்தியத்தோடு தாம் ஆண்டுக்கணக்கில் நடத்திய போராட்டத்தையும், நிறுத்தியபோதெல்லாம் நேர்ந்ததையும் மறைக்காமல் சொல்கிறார்; உயர்ந்த அளவில் மருந்தெடுத்த ஆண்டுகளில் நூல்களை வாசிக்கவே இயலாதிருந்த அவருக்கு, அளவு குறைக்கப்பட்டபின் வாசிப்பு மீண்டது. எடுப்பதா விடுவதா என்ற இரண்டுக்கு நடுவே எவ்வளவு எடுப்பது என்ற கேள்வி இருப்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது. புறநோயாளிப் பிரிவின் நெரிசலில் பெரும்பாலும் கேட்கப்படாமல் போவதும் அந்தக் கேள்விதான்.

சிறுநீரகச் செயல்பாடு தேய்வதாலோ, நன்கு சிந்தித்த நோயாளி உறுதியாக விரும்புவதாலோ நிறுத்தியே ஆகவேண்டிய நிலையில், நிறுத்தும் வேகமே முதற்பொருளாகிறது. ஜியான்னி ஃபெட்டா முதலியோர் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வாரத்திற்குள் விரைந்து நிறுத்தியவர்களைவிட, இரண்டு முதல் நான்கு வாரங்களில் மெல்ல நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்புவது தெளிவாகக் குறைந்திருந்தது. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2014-இல் வெளியிட்ட நெறிமுறை, லித்தியத்தைக் குறைந்தது நான்கு வாரங்களிலும், இயலுமாயின் மூன்று மாதங்கள் வரையிலும் படிப்படியாகக் குறைக்கச் சொல்வதோடு, நிறுத்தியபின் மூன்று மாதங்கள் நெருங்கிக் கண்காணிக்கவும் சொல்கிறது. வால்ப்ரோயேட்டுக்கும் மனப்பிறழ்வு எதிர்ப்பு மருந்துகளுக்கும் குறைந்தது நான்கு வாரங்கள் தேவை. வலிப்பு நோயும் உடையவர்கள் வால்ப்ரோயேட், கார்பமஸெபின், லாமோட்ரிஜின் ஆகியவற்றைத் திடீரென விட்டால் வலிப்பே வரக்கூடும். வெளியூர்ப் பயணமோ, மருந்துக்கடையில் சரக்கில்லாமையோ திடீர் நிறுத்தத்தை உண்டாக்கும் என்பதால், இரண்டு வாரத்திற்கான மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருப்பது நலம்.

நிறுத்தும் காலத்தைத் தேர்வு, திருமணம், இடமாற்றம், இரவுப் பணி ஆகியவற்றோடு சேர்க்கக் கூடாது. ஒவ்வொரு படியிலும் தூக்க நேரத்தை நாட்காட்டியில் குறித்துவரவும், மாற்றத்தைக் கண்டால் மருத்துவரிடம் நேரே பேசவும் உரிமையுள்ள ஒருவரை நோயாளியே தெரிந்தெடுக்கவேண்டும். தாம் நோயுற்றால் எத்தகைய மருத்துவம் தரப்படலாம், எது தரப்படக்கூடாது என்பதை நலமாக இருக்கும்போதே எழுதிவைக்கவும், தம் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் வழிசெய்துள்ளது. மருந்தைக் குறைக்கத் தொடங்குமுன் அதைப் பயன்படுத்திக்கொள்வது பொருத்தம்.

நிறுத்திய மருந்தை மீண்டும் தொடங்குவதிலும் கவனம் வேண்டும். லாமோட்ரிஜினைச் சில நாட்களுக்கு மேல் விட்டவர், முன்பிருந்த முழு அளவில் மீண்டும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான தோல் ஒவ்வாமை வரக்கூடும். முதன்முறை தொடங்கியதுபோலச் சிறு அளவிலிருந்தே ஏறவேண்டும். வால்ப்ரோயேட்டும் லாமோட்ரிஜினும் சேர்த்து எடுப்பவர் முன்னதை விட்டால் பின்னதின் குருதியளவு இறங்கிவிடுவதால், ஒன்றை மட்டும் விட்டதாக நினைப்பவர் இரண்டின் பாதுகாப்பையும் இழக்கிறார். லித்தியத்தை மீண்டும் தொடங்கும்போது புதிதாகக் குருதிப் பரிசோதனை செய்து, சிறுநீரக நிலையையும் பார்த்தே அளவு முடிவுசெய்யப்படும். அது முழுப்பயன் தர வாரங்கள் ஆகும். இவை அனைத்துக்கும் மருத்துவருக்குத் தெரியவேண்டியது, எந்த மருந்து எத்தனை நாளாக எடுக்கப்படவில்லை என்பதே. கண்டிப்பாரோ என்ற அச்சத்தில் இது மறைக்கப்பட்டால், மருந்து பலனளிக்கவில்லை என்று கருதி அவர் அளவை உயர்த்தவோ புதிய மருந்தைச் சேர்க்கவோ நேரும். வீடு திரும்பியபின் எல்லாம் ஒழுங்காகக் கொடுக்கப்படும்போது அந்த உயர்ந்த அளவே நச்சாகக்கூடும். எனவே உடன்வரும் உறவினர், மீந்த மாத்திரை அட்டைகளை எடுத்துவந்து, விட்ட நாட்களை எண்ணிச் சொல்லிவிடுவது நல்லது.